அம்மா வந்திருக்காங்க

மாசிலாமணி வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். கோணி ஊசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என்னடா?" என்றார் முதலாளி. ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கவில்லை.

திண்டிவனம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது பாண்டுரங்கம் முதலாளியின் மல்லாட்டை மண்டி. நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். யுத்தத்துக்கு முந்தின கோடை அது. இறவைப் பயிர் எல்லாம் ஒரே சமயத்தில் விளைந்து, வண்டி வண்டியாக வந்து குவிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மூட்டை தைக்கிற ஒருவன் லீவு கேட்பது, தேர் நகர்ந்துகொண்டிருக்கும்போது வடத்தை விட்டுவிட்டு வெற்றிலை போடப் போகிறேன் என்பது மாதிரி.

அதிலும் பாண்டுரங்கத்திடம் கேட்பது! ஐப்பசியில் தாயாரை இழந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பொங்கல் கழிந்து, 'மாமனார் செத்துட்டாருங்க' என்று லீவு வாங்கிக்கொண்டு போனான் சின்னக்கண்ணு. அன்று மத்தியானமே அந்த மாமனார், "எங்க மாப்பிள்ள இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டு மண்டிக்குள் நுழைந்துவிட்டார். சின்னக்கண்ணுவின் வேலை அன்றோடு போயிற்று. "பொய் சொல்றவனுக்கு இங்க எடம் கிடையாது!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

மாசிலாமணி பொய் சொல்ல வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவனுடைய தாய் கோவிந்தம்மாள், சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்து நின்றாள். திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் நடந்து, அங்கே தனியாக ரயிலேறி வந்திருக்கிறாள். திருவக்கரை அம்மனுக்கு ஒரு வேண்டுதலாம். கூட்டிக்கொண்டு போக ஒரே ஒரு நாள் லீவு வேண்டும். அவ்வளவுதான்.

"ஐயா... வூட்டுல அம்மா வந்திருக்காங்க..."

மிச்சத்தைச் சொல்வதற்குள் முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். முந்தின நாள் விழுப்புரம் போய்த் திரும்பிய அலுப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ராத்திரி பூரா அனல் தாங்காம பொரண்டுக்கினே இருந்தாங்க."

"கண்ணு?"

"கண்ணுதாங்க பயமா இருக்கு."

"கண்ணை ஜாக்கிரதையாப் பாத்துக்கோ. அதுதான் முக்கியம். இளநீர் வாங்கிக் குடு. மோர் குடு. வெயில்ல வெளியில விடாத."

"சரிங்க. ஒரு நாள் மட்டும் லீவு..."

"ஒரு நாளா? என்னடா பேசற? ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது. பக்கத்துலயே இரு. அம்மா மனசு குளிரணும். குளிர வச்சு அனுப்பிட்டு அப்புறம் வா. அந்த ஊசியை அப்படியே அங்க வச்சுட்டுப் போ."

மாசிலாமணி ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தான். தரையில்தான் நடக்கிறோமா என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மண்டிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில், அவனோடு மூட்டை தைக்கும் சவுரிராயன் சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாபா, மொகம் இப்படி மலர்ந்து கெடக்குது?"

"ஒரு வாரம் லீவு குடுத்துட்டாருபா!"

"யாரு? நம்ம மொதலாளியா? இன்னான்னு கேட்ட?"

"வூட்டுல அம்மா வந்திருக்காங்கன்னேன்."

சொம்பு தொட்டிக்குள் விழுந்தது. சவுரிராயன் ஒரே தாவில் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

"கிட்ட வராத! அப்பனே, செபஸ்தியாரே! யாருக்குடா? முத்து எறங்கிடுச்சா?"

"இன்னா முத்து? எங்கம்மாபா! என்னைப் பெத்த அம்மா! ஊர்லேருந்து வந்திருக்குது!"

மூட்டைகளுக்கு மேலே முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகு முழு முகமும். சவுரிராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"மாசி, நீ செத்த."

"இன்னாபா சொல்ற?"

"பெத்த அம்மா வந்தா லீவு குடுக்குற ஆளா அவரு? அந்த அம்மான்னு நெனச்சுக்கினாருடா! பெரியம்மைன்னு நெனச்சுக்கினாரு! எழுந்து பின்னால போனாரா?"

"போனாரு."

"துண்டால மூக்கை மூடிக்கினாரா?"

"மூடிக்கினாரு."

"கண்ணு எப்படின்னு கேட்டாரா?"

"கேட்டாரு. இளநி, மோரு குடு, வெயில்ல வுடாத, குளிர வச்சு அனுப்பு, ஊசியை அங்கயே வச்சுட்டுப் போன்னாரு."

"அம்மை கண்டவங்களுக்குத்தான்டா மொதல்ல கண்ணைக் கேப்பாங்க! இளநி, மோரு, வெயில் ஆவாது, குளிர வச்சு அனுப்பு... ஊசியைக்கூட உன் கையிலேருந்து வாங்கலையே! நாளைக்கு உங்கம்மா கல்லாட்டம் தெருவுல நடந்து போறத அவரு பாத்தாருன்னா? சின்னக்கண்ணு கதிதான்."

மாசிலாமணியின் கால்கள் தரைக்கு வந்தன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பி ஓடினான். முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

"பட்டணம் போறாரு. இப்பத்தான் பச்சைமுத்து வண்டி பூட்டிக்கினு போனான், ரயிலுக்கு" என்றான் காவல்காரன். "வர நாலஞ்சு நாளாவும். அவரை வுட்டுட்டு வண்டி அப்படியே பனமலைக்கு மல்லாட்டை ஏத்தப் போவுது."

ரயில் கூவுகிற சத்தம் கேட்டது.

"போனது போவட்டும்" என்றான் சவுரிராயன். "ஒரே வழிதான் இருக்குது. சொன்ன சொல்லை நெசமாக்கிடு. வாசல்ல வேப்பிலை கட்டு. யாராச்சும் வந்து பாத்தாலும் சந்தேகம் வராது."

பயந்தவனுக்கு யோசனை சொல்ல ஓர் ஆளும் கிடைத்துவிட்டால், அப்புறம் பிசாசுக்கு அங்கே வேலை இல்லை.

மாசிலாமணி வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி அம்சா, மாமியாருக்காகக் கருவாட்டுக் குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலையிலிருந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் படலம். ஆள் நிற்பது தெரியும். இன்னார் என்று தெரியாது.

"ரயிலு நின்னுடுச்சு. படி எங்க கீதுன்னே தெரியலடி. ஒரு புண்ணியவான், 'பாத்து எறங்கு தாயே'ன்னு கையைப் புடிச்சு எறக்கிவுட்டாரு. தெருமொன வரிக்கும் தொணையா வந்தாரு. அவரு கொலம் தழைக்கணும். அவரு கை எம்மாம் மெத்துனு..."

"யம்மா, அந்தப் புண்ணியவானை அப்பறம் பாக்கலாம். கொஞ்சம் நவுரு" என்று சொல்லி, ஒரு கொத்து வேப்பிலையை நிலையில் கட்டினான் மாசிலாமணி.

அம்சா அம்மிக்குழவியை அப்படியே விட்டாள். "இன்னாங்க இது?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அம்சாவின் முகம் வெளுத்தது. கோவிந்தம்மாள் எழுந்து, நிலையைத் தடவி, இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அடப் பாவி! அவளை வெளாட்டுக்குக் கூப்புடுவாங்களாடா? கூப்புட்ட கொரலுக்கு வர்றவடா அவ! வேப்பிலையைக் கட்டிட்டா, 'இதுதான் நம்ம வூடு'ன்னு உள்ள வந்து குந்திக்குவா. அப்பறம், 'சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தாயே'ன்னு அவகிட்ட சொல்ல முடியுமா?"

இது மாசிலாமணிக்குத் தோன்றவே இல்லை. இதுவரை ஒரு முதலாளிக்குத்தான் பயந்தான். இப்போது இரண்டு பேருக்குப் பயப்பட வேண்டியதாயிற்று. அதிலும் இரண்டாவது ஆள் பட்டணம் போகிறவள் அல்ல.

"அவுத்துடறேன்" என்று நிலைக்குப் பாய்ந்தான்.

"தொடாத!" என்று அலறினாள் கோவிந்தம்மாள். "கட்டினதை அவுத்தா, வந்தவளைப் போன்னு வெரட்டுறாப்பல ஆயிடும். தண்ணி ஊத்தித்தான் எடுக்கணும்."

கட்டினாலும் குற்றம், அவிழ்த்தாலும் குற்றம். நிலைக்கு நேரே கையைத் தூக்கியபடி அவன் நின்ற சமயத்தில், அடுத்த வீட்டு பாக்கியமேரி குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! யாருக்கு?"

மாசிலாமணி தாயைப் பார்த்தான். பெற்றவள் மேல் அந்தச் சொல்லைப் போட நாக்கு எழவில்லை. அம்சாவைப் பார்த்தான். அவள் வயிற்றில் நாலு மாதம். அங்கேயும் நாக்கு எழவில்லை.

"எனக்குத்தாம்மா" என்றான்.

அவன் அன்று சொன்ன முதல் பொய் அதுதான். அதுவும் பிறர் மேல் பழி விழாமல் இருக்கச் சொன்னது. ஆண்டவன் கணக்கில் அதற்கு ஏதாவது தள்ளுபடி இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் மாசிலாமணிக்கு அது தெரியாதே.

"நின்னுக்கினு இருக்கீங்களே அண்ணே! போயிப் படுங்க. கம்பளி போத்திக்குங்க, காத்து ஆவாது" என்று பாக்கியமேரி ஓடினாள்.

அப்புறம் படுக்காமல் என்ன செய்வது? சித்திரை வெயிலில் கதவைச் சாத்தி, வேப்பிலைமேல் படுத்து, கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டான். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது. மீன், கருவாடு ஆகவே ஆகாது. அரைத்த மிளகாயின் மேல் அம்சா ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

"இந்தக் கேப்பைக் கூழு எங்க ஊர்ல கெடைக்கலையா? இதுக்குத்தான் ரயிலேறி வந்தேனா?" என்று கோவிந்தம்மாள் கலயத்தைப் பார்த்து முனகினாள்.

பிறகு தெருவின் அன்பு வீட்டுக்குள் வரத் தொடங்கிற்று. பாக்கியமேரி சொம்பு நிறைய மோரை வாசலில் வைத்துவிட்டு, செபமாலையோடு வேலிக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டாள். "எங்க செபஸ்தியாருகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. அவரும் உங்க மாரியாத்தாளும் ஒருத்தருக்கொருத்தரு பேசி முடிச்சுக்குவாங்க, கவலைப்படாதீங்க" என்று சத்தமாகத் தைரியம் சொன்னாள். கோடி வீட்டு ஜெயம், தன் குழந்தைக்கு வைத்திருந்த பாலைக் கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மேளக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, மேளமில்லாமலே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மரியாதையாகத் தெரு முழுவதும் தாளிப்பை நிறுத்திவிட்டது. எந்த வீட்டிலும் கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை.

மோர் குளிர்ச்சியானதுதான். ஆனால் ஒவ்வொரு சொம்பும் மாசிலாமணியின் தொண்டைக்குள் நெருப்பாக இறங்கிற்று. 'ஒரு பொய்யனுக்காக இவ்வளவு பேர் வாய்க்கு ருசியில்லாமல் கிடக்கிறார்களே!' என்று கம்பளிக்குள் அழுதான். அழுததில் இன்னும் வேர்த்தது.

மறுநாள் காலை மார்பில் ஏதோ அரித்தது. கம்பளியை விலக்கிப் பார்த்தான்.

சிவப்பாக ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. கழுத்தடியில் ஒரு கூட்டம்.

"அம்சா!" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அம்சா வந்து பார்த்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். கோவிந்தம்மாளுக்குக் கண்தான் தெரியாது, விரல் தெரியும். மகனுடைய மார்பைத் தடவினாள். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. இன்னோரிடத்தில் நின்றன.

"முத்துதான்" என்றாள். "வந்துட்டா."

பயம் என்றால் என்ன என்று மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலாளிக்குப் பயந்தது எல்லாம் ஒரு பயமா? கண்ணை மூடினால், ஊருக்கு வெளியே அம்மைக்காரர்களைப் போட்டுவைக்கும் கீற்றுக் கொட்டகை தெரிந்தது. பிறக்கப் போகிற பிள்ளையின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் தெரியவில்லை.

"யம்மா, நீ ஊருக்குப் போயிடு. உனக்கும் ஒட்டிக்கும்" என்றான்.

கோவிந்தம்மாள் அவன் தலைமாட்டில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அம்மா வந்திருக்கும்போது அம்மா போவக் கூடாதுடா" என்றாள். பிறகு யாரும் இல்லாத மூலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயே, என் புள்ள வாய் தவறிக் கூப்புட்டுட்டான். அவன் கூப்புட்டது என்னை. வழி தவறி நீ வந்துட்ட. வந்தது வந்த, வெறுங்கையாப் போவாத. இந்தக் கெழவிய எடுத்துக்க. கண்ணுதான் ஆவாது, மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது."

அதற்கு அடுத்த நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவே தாளிக்காமல் கிடந்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? காக்கித் தொப்பியும் சைக்கிளுமாக வந்தவர், வேலிக்கு வெளியே நின்றார்.

"கேஸ் யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க" என்று அம்சா விசும்பினாள்.

"வேலை எங்க?"

"மல்லாட்டை மண்டியில மூட்டை தைக்கிறாருங்க."

"மண்டியிலயா? அடக் கடவுளே! நாலு ஊர் ஆள் வந்து போற எடமாச்சே!" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "ஆளைக் கொட்டகைக்கு எடுத்துக்கிட்டுப் போகணும். வண்டி வருது. தயாரா இருங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. தெருமுனையிலிருந்து சவுரிராயன் தலைதெறிக்க ஓடி வந்தான். வேலிக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டு கத்தினான்.

"மாசி! உனக்கு அம்மைன்னு மண்டி வரிக்கும் சேதி போயிடுச்சு, பூட்டப் போறாங்களாம்டா! நீ தெச்ச மூட்டையெல்லாம் கொளுத்தணும்னு பேசிக்கிறாங்க!"

உள்ளேயிருந்து ஈனசுரத்தில் பதில் வந்தது. "நான் தெச்சது எதுன்னு யாருக்குடா தெரியும்?"

"அதான் எல்லாத்தையும் கொளுத்தப் போறாங்களாம்!"

மாசிலாமணி எழுந்து உட்கார்ந்தான். தன் ஒருவன் தலை போகிறதென்றால் போகட்டும். மண்டி எரிந்தால்? வருஷமெல்லாம் வெயிலில் வெந்து மல்லாட்டை போட்டவர்கள் எத்தனை குடும்பம்! பயம் எல்லையைத் தாண்டினால் ஒரு விதமான தைரியமாகிவிடும் போலிருக்கிறது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது தெருவில் மாட்டு மணி கேட்டது.

"இன்ஸ்பெட்டரு வண்டி வந்துடுச்சு" என்றாள் அம்சா, நடுங்கிக்கொண்டு.

இன்ஸ்பெக்டரின் வண்டி அல்ல. பனமலையிலிருந்து திரும்பிவிட்ட பச்சைமுத்து ஓட்டிவந்த, முதலாளியின் வண்டி. போன வேலை சீக்கிரம் முடிந்து, பாண்டுரங்கம் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். ரயிலடியிலேயே யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். மண்டிக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தார். கையில் ஒரு குலை இளநீர்.

"கிட்டப் போவாதீங்க மொதலாளி!" என்று தெருவே கூவியது.

"வழி விடுங்க. வந்த எடத்துல இப்படி ஆயிடுச்சே! ஐயோ, பாவம்" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

கதவு திறந்தது. தோளில் கம்பளியும் தலையில் வேப்பிலையுமாக மாசிலாமணி வெளியே வந்தான். அப்படியே முதலாளியின் காலில் விழுந்தான்.

"மொதலாளி! என்னை மன்னிச்சுடுங்க! மண்டியக் கொளுத்தாதீங்க!"

"எந்திரிடா, எந்திரி! உனக்கா உடம்புக்கு?"

"அன்னைக்கு நான் சொன்ன அம்மா இந்த அம்மா இல்லீங்க! எங்கம்மா, பெத்த அம்மா, ஊர்லேருந்து வந்திருந்தாங்க. நீங்க அம்மைன்னு தப்பா நெனச்சுக்கினு லீவு குடுத்துட்டீங்க. ஓடி வந்து சொல்லலாம்னு பாத்தேன், ரயிலேறிட்டீங்க. பயந்துக்கினு வேப்பிலையக் கட்டினேன். அம்மை எனக்குத்தான்னு பொய் சொன்னேன். ஆத்தா பொய்ய நெசமாக்கிட்டா. பாருங்க!"

கம்பளியை உதறிவிட்டு மார்பைக் காட்டினான். தெரு முழுவதும் ஓரடி பின்வாங்கிற்று.

இன்ஸ்பெக்டர் மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வேலிக்குள் வந்தார். கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தார்.

"யோவ், இந்தக் கம்பளியை எப்பலேருந்து போத்திக்கிட்டு இருக்க?"

"லீவு குடுத்த அன்னைலேருந்துங்க."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"ஆமாங்க."

"சித்திரை வெயில்ல கம்பளியைப் போத்திக்கிட்டு, கதவையும் சாத்திக்கிட்டா, உடம்புல வேர்க்குரு வராம குருமொளகா காய்க்குமா?"

முதலில் ஜெயம் சிரித்தாள். பிறகு எதிர்வீடு சிரித்தது. சவுரிராயன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பாக்கியமேரி செபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க செபஸ்தியாரு பேசி முடிச்சுட்டாரு!" என்றாள். அம்சா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. யார் வீட்டிலோ, யாரையும் கேட்காமல், கடுகு வெடித்தது.

கோவிந்தம்மாள் மூலையைப் பார்த்துக் கைகூப்பினாள். "தாயே! இவன் வாயில வந்ததை வுட்டுட்டு மனசுல இருந்ததைக் கேட்டுக்கினியே. உனக்குத்தான் தெரியும், யாரு எந்த அம்மாவைக் கூப்புடறாங்கன்னு."

மனிதர்கள் சொல்லைக் கேட்கிறார்கள். ஆத்தாள், சொல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கேட்கிறாள். அதனால்தான் இத்தனை உளறலுக்கு நடுவிலும் உலகம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் முதலாளி சிரிக்கவில்லை.

இளநீர்க் குலையைக் கையில் பிடித்தபடி, மாசிலாமணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணிக்கு மறுபடி வேர்த்தது. அம்மை போய்விட்டது, சரி. வேலை? சின்னக்கண்ணுவின் மாமனார் அவன் கண்முன்னால் வந்து நின்றார்.

"ஏண்டா," என்றார் முதலாளி மெதுவாக, "நான் தப்பா நெனச்சுக்கிட்டேன்னா சொல்ற?"

"ஆமாங்க. அம்மான்னதும் நீங்க..."

"அம்மான்னா அம்மான்னுதானே நெனைப்பாங்க? வேற என்னன்னுடா நெனைக்கறது?"

மாசிலாமணி விழித்தான். "அப்போ கண்ணைக் கேட்டீங்களே... துண்டால மூக்கை மூடிக்கினீங்களே..."

முதலாளி இப்போதும் துண்டை எடுத்து முகத்தில்தான் வைத்துக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை மாசிலாமணி கிட்டத்தில் நின்று பார்த்தான். துண்டு போனது மூக்குக்கு அல்ல, கண்ணுக்கு.

மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த பச்சைமுத்து அங்கிருந்தே குரல் கொடுத்தான்:

"இன்னாய்யா ஒளர்ற? அன்னைக்கு ரயில் படியில கண்ணு தெரியாம தடுமாறின உங்கம்மாவைக் கையைப் புடிச்சு எறக்கி, புள்ள பேரைக் கேட்டுக்கினு, இதே வண்டியில ஒன் தெருமொன வரிக்கும் கொண்டாந்து வுட்டதே மொதலாளிதானே!"